கருப்பைக் கட்டியும் இடம் மாறிய பயமும்

எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் அதன் பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலமுமாக இப்போது இரண்டு நிற்கின்றன. பிள்ளை பெறப் போகிறவர்களும், நோயாளி பார்க்கப் போகிறவர்களும், ஜனாஸா கொண்டு வருகிறவர்களும் இந்த வழியால்தான் போய் வருகிறார்கள். மூன்று வருடங்களுக்கு முந்தி ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஓட்டோ பாலத்தில் ஏறியபோது சாச்சி என் கையை இறுக்கிப் பிடித்தா. மடியில் ஸ்கேன் ரிப்போட் இருந்த காகித உறை.

"புற்றுத்தானே புள்ள? ஒளிக்காமச் சொல்லு. நீ படிச்சவ, உனக்கு விளங்கியிருக்கும்."

எனக்கு விளங்கியிருந்தது ஒன்றுதான்: ரிப்போட்டில் 'ஃபைப்ரொய்ட்' என்று எழுதியிருந்தது. சாச்சிக்கு அப்போது 46 வயது. மாதாமாதம் அளவுக்கு மீறி இரத்தம் போய் ஆள் வெளிறியிருந்தா. "கருப்பையில கட்டி" என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லோடு இரண்டு கிழமை சாச்சி உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. காதில் கிடந்த தோட்டை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது வரை சொல்லி முடித்திருந்தா.

அதே ஓட்டோவில் என்னுடைய மற்றப் பக்கத்தில் இருந்தது மாமி, என் கணவரின் உம்மா. 61 வயது. சாச்சிக்குத் துணையாக வந்தவ. வழி முழுக்க சாச்சிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தா. கிளினிக்கில் டொக்டர் சாச்சியிடம் எல்லாம் விசாரித்து, ரிப்போட்டைப் பார்த்து, "இது புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம்" என்றார். கடைசியாகப் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்: "மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அன்றைக்கே வர வேணும். அதைத்தான் நாங்கள் பயந்து பார்க்கிறது."

திரும்பி வரும்போது, பாலத்தில்தான், மாமி மெல்லக் கேட்டா: "அப்ப எனக்கு வாறது என்ன புள்ள?"

எட்டு மாதமாக அவவுக்கு இரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நின்று ஒன்பது வருடமாகியிருந்தது. வீட்டில் எவருக்கும் தெரியாது.

நான் டொக்டர் அல்ல. தமிழ் படித்து, தமிழ் படிப்பிக்கிற ஆசிரியை. அந்த ஓட்டோவில் என் இரண்டு பக்கத்திலும் இருந்த இரண்டு பெண்களில் பயந்தவவுக்கு ஆபத்து இருக்கவில்லை, ஆபத்து இருந்தவ பயப்படவில்லை. அது ஏன் என்று தேடி வாசித்ததையும் கேட்டறிந்ததையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். தமிழில் 'கட்டி' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர். கண் இமையில் வருவதும் கட்டி, சீழ் பிடிப்பதும் கட்டி, மார்பில் வரும் புற்றுநோயும் கட்டி. மருத்துவர்கள் பிரித்துச் சொல்லும் நாலைந்து வேறு வேறு சங்கதிகளை நாங்கள் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, அதில் மிகக் கொடியதன் பயத்தை மற்றவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். 'புற்று' என்பதோ கறையான் கட்டும் புற்றிலிருந்து வந்தது; உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வளர்ந்து கொண்டே போவது. அரபியில் இதற்கு 'ஸரத்தான்', அதாவது நண்டு. கிரேக்கர் வைத்த பெயரும் நண்டுதான். சுற்றிலும் கால் பரப்பிப் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர். ஆயிரம் வருடங்களுக்கு முன் குர்துபாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, தம் 'தஸ்ரீஃப்' நூலில் ஸரத்தான் சிறிதாக இருக்கும்போது முழுவதாக வெட்டி எடுக்கலாம் என்றும், முற்றிப் பெருத்துவிட்டால் அதைத் தாமும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்றும் கருத்துப்பட எழுதியிருக்கிறார். பக்கத்து இழையத்தில் கால் பரப்புவது, இன்னோர் உறுப்புக்குப் போய்க் குடியேறுவது: இவை இரண்டும்தான் புற்றின் குணம். சாச்சியின் கட்டிக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

ஃபைப்ரொய்ட் என்பதை நார்க்கட்டி என்று சொல்லலாம். கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைக் கலம் ஒன்று தன்பாட்டில் பெருகி, நாரும் தசையுமாக உருண்டு திரண்டு நிற்பதே நார்க்கட்டி. பயறளவிலும் இருக்கும், தேங்காயளவிலும் இருக்கும். ஒன்றும் இருக்கும், பத்தும் இருக்கும். அமெரிக்காவில் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், 50 வயதை எட்டுவதற்குள் 10 பேரில் 7 பேருக்கோ அதற்கு மேலோ இது இருப்பது தெரிந்தது. அவர்களில் பலருக்கு அது இருந்ததே தெரியாது. பெண்ணின் உடம்பில் சுரக்கும் ஈஸ்திரசன் ஓமோனைக் குடித்து வளர்வதால், மாதவிடாய் நின்று அந்த ஓமோன் குறைந்ததும் இது தானாகச் சுருங்கும்.

தொல்லை தராது என்று சொல்லவில்லை. கருப்பையின் உட்பக்கம் துருத்திக்கொண்டு நின்றால் இரத்தம் கொட்டும், இரத்தச்சோகை வரும், படியேற மூச்சு வாங்கும். முன்பக்கம் பெருத்தால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி போக வைக்கும். சிலருக்குப் பிள்ளை தங்குவதில் தடங்கல். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள், கருப்பைக்குள் வைக்கும் ஓமோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை, வேறு வழியில்லையென்றால் கருப்பையையே எடுப்பது. தொல்லையே இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுக் கவனிப்பதும் ஒரு வைத்திய முறைதான். எங்கள் ஆட்களுக்கு இதை ஏற்க வைப்பதுதான் கஷ்டம். மருந்து தராத டொக்டரை நாங்கள் நல்ல டொக்டர் என்று சொல்வதில்லையே.

இது புற்றுநோயாக மாறுமா? கருப்பைத் தசையில் வரும் புற்றுநோய் ஒன்று உண்டு. மிக அரிது, ஆனால் மூர்க்கமானது. அது பெரும்பாலும் இருக்கிற நார்க்கட்டி கெட்டுப்போய் வருவதல்ல, தனியே புதிதாகத் தோன்றுவது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சிக்கல் எங்கே என்றால், ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் வரை நூறு வீதம் சொல்ல முடியாது.

அந்த அரிய ஒன்று உலகம் முழுக்கத் தெரியவந்த கதை அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் நடந்தது. ஏமி ரீட் என்பவர் மயக்க மருந்து வைத்தியர், ஆறு பிள்ளைகளின் தாய். 2013 ஒக்டோபரில் நார்க்கட்டிக்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றில் சிறு துளையிட்டு, உள்ளே சுழலும் கத்தியுள்ள மின்கருவியால் கருப்பையைத் துண்டு துண்டாக அரைத்து வெளியே எடுக்கும் முறை. எடுத்ததைப் பரிசோதித்தபோதுதான் உள்ளே அந்தத் தசைப் புற்றுநோய் இருந்தது தெரிந்தது. அரைத்ததில் அதன் கலங்கள் வயிற்றுக்குள் சிதறியிருந்தன. அவரும், இருதயச் சத்திரசிகிச்சை நிபுணரான அவர் கணவர் ஹூமன் நூர்ச்சாஷமும் இந்தக் கருவிக்கு எதிராகப் போராடினார்கள். 2014 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நார்க்கட்டி என்று நினைத்துச் சத்திரசிகிச்சை செய்யப்படும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த புற்று இருக்கலாம் என்று எச்சரித்தது. அந்தக் கருவியின் பெரிய உற்பத்தியாளர் அதே வருடம் அதைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார். ஏமி ரீட் 2017 மே மாதம் காலமானார், 44 வயதில். பிற்காலத்தில் இன்னும் கூடுதலான ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, 10,000 சத்திரசிகிச்சைகளில் ஒன்றுக்கும் குறைவிலிருந்து 13 வரை என்றே அந்த எண்ணிக்கை வந்தது.

இந்தக் கதையைச் சாச்சியிடம் சொல்லியிருந்தால் அவ அன்றைக்கே கருப்பையை எடுக்கச் சொல்லியிருப்பா. ஆனால், அந்தப் பெண்ணுக்குத் தீங்கு கூடியது மறைந்திருந்த புற்றை அரைத்து வெளியே எடுத்த முறையால். ஆகவே நார்க்கட்டி உள்ள ஒவ்வொருவரும் கருப்பையை இழக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு அல்ல. சத்திரசிகிச்சை தேவைப்படும் பெண் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது: எப்படி வெளியே எடுக்கப் போகிறீர்கள்? கட்டியை வெட்டித் துண்டாக்குவீர்களா? அப்படியானால் பைக்குள் வைத்தா? மாதவிடாய் நின்ற பிறகும் சுருங்காமல் வளர்கிற கட்டியைப் பற்றியும் கட்டாயம் கேட்க வேண்டும். சுருங்க வேண்டிய காலத்தில் வளர்வது இயல்பல்ல.

மேலும், வீண்பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் வரண்ட பூமி. அங்கிருந்து வருடாவருடம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் வந்தாலும் விடுப்பில்லை, மறைவிடமில்லை, தண்ணீரில்லை. வெள்ளைபடுதல், வயிற்று வலி என்று தனியார் வைத்தியர்களிடம் போனால், "விட்டால் புற்றாகும், எடுத்துவிடு" என்று சொல்லப்பட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். 2019 இல் விஷயம் வெளியே வந்து, மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. கேட்டறிந்த 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேர் கருப்பையை எடுத்திருந்தார்கள். பலர் நாற்பதைத் தொடாதவர்கள். கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டால் முப்பது வயதுக்காரிக்கு ஒரே நாளில் முதுமை தொடங்குகிறது, எலும்பு தேய்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவற்றைப் பற்றி டொக்டர் நரேந்திர குப்தா 2013 இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

புற்று என்ற ஒரு சொல்லைக் காட்டி ஏழைப் பெண்ணிடமிருந்து ஓர் உறுப்பையும் அவள் கடன் வாங்கிய காசையும் எடுத்துவிடலாம். அதனால்தான் இந்தச் சொல்லை யார், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கப் பழக வேண்டும் என்கிறேன்.

இனி மாமியின் பக்கம். உண்மையில் புற்றுக்கு முன்னோடியாக இருக்கக்கூடிய, ஆனால் தன்னளவில் புற்றல்லாத நிலை ஒன்று கருப்பையில் உண்டு. அது தசையில் வருவதல்ல, உட்படலத்தில் வருவது. கட்டியாகத் திரளாது, கைக்குத் தட்டுப்படாது. படலம் தடிக்கும். அவ்வளவுதான். 'கட்டி' என்ற பெயர்கூட இல்லாததால் இதற்கு எங்கள் வாய்மொழியில் பயமும் இல்லை.

வயல் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை இலகுவாக விளக்கலாம். ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்படலத்தில் ஒரு போகம் நடக்கிறது. ஈஸ்திரசன் பசளை போல, படலத்தை வளர்த்துவிடும். மாதத்தின் பிற்பாதியில் புரோஜெஸ்தரோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்தி, விளைய வைக்கும். கரு தங்காவிட்டால் அறுவடை: படலம் உதிர்ந்து இரத்தமாக வெளியேறும். புரோஜெஸ்தரோன் வராமல் பசளை மட்டும் விழுந்துகொண்டேயிருந்தால்? அறுவடையில்லாத வயல் மண்டத்தான் செய்யும். சூல் ஒழுங்காக வெளியேறாத இளம்பெண்களிடமும், மாதவிடாய் நிற்கிற வயதை அண்டியவர்களிடமும் இது நடக்கிறது. உடல் பருமனில் இன்னும் கூடுதலாக நடக்கிறது. காரணம், உடம்பின் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. வேறு ஓமோன்களை ஈஸ்திரசனாக மாற்றிக்கொண்டிருக்கிறது. சூலகம் ஓய்வு பெற்ற பிறகும் கொழுப்பு அந்தப் பசளையைப் போட்டபடி இருக்கும். நீரிழிவும், மார்புப் புற்றுநோய்க்காக எடுக்கும் தமொக்ஸிஃபென் மாத்திரையும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. (கல்லடிக் கடற்கரையில் காலையில் நடக்கிற ஆண்களை நான் பாடசாலை போகும் வழியில் காண்கிறேன். எங்கள் பெண்கள் எங்கே நடப்பது? இதைப் பற்றி வேறாக எழுத வேண்டும்.)

தடித்த படலம் எல்லாம் ஒன்றல்ல. ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, கலங்கள் எண்ணிக்கையில் மட்டும் கூடி, உருவத்தில் சாதாரணமாக இருக்கலாம். அல்லது உருவமே மாறியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2014 இல் செய்த வகைப்படுத்தல் இந்த இரண்டாகத்தான் பிரிக்கிறது. முதல் வகையில் 20 வருடத்தில் புற்றாக மாறுவது 100 பேரில் 5 பேரிலும் குறைவு. பெரும்பாலும் ஓமோன் வைத்தியத்தால், சில வேளை எடை குறைவதாலேயே சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கொரு தடவை துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் வகை வேறு கதை. 1985 இல் வெளிவந்த, 170 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த பிரபல ஆய்வில், வைத்தியம் செய்யாமல் விடப்பட்டவர்களில் கலங்கள் மாறி, சிக்கலாக நெருங்கியிருந்த பிரிவில் 100 க்கு 29 பேருக்குப் புற்று வந்தது. கலங்கள் மாறாத, எளிய தடிப்பில் 100 க்கு ஒருவருக்கு. 2006 இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. கலங்கள் மாறியிருக்கின்றன என்று துணுக்குப் பரிசோதனையில் வந்த பெண்களின் கருப்பையை எடுத்துப் பார்த்தால், 100 இல் 43 பேருக்கு உள்ளே ஏற்கெனவே புற்று தொடங்கியிருந்தது. அதனால்தான் இந்த வகைக்கு, பிள்ளை வேண்டும் என்ற தேவையில்லாவிட்டால், கருப்பையை அகற்றச் சொல்கிறார்கள். ஒரே சத்திரசிகிச்சை, பீட் மாவட்டத்துப் பெண்ணுக்கு அநியாயமாகவும் மாமிக்கு அவசியமாகவும் ஆவது இப்படித்தான். வித்தியாசம் அந்தச் சிறு துணுக்கில் இருக்கிறது. துணுக்கைப் பார்க்காமல் புற்று என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இந்தப் புற்றுநோய் செய்கிற ஓர் உபகாரம், அது பெரும்பாலும் ஒளிந்து வராது. உட்படலப் புற்றுள்ள பெண்களில் 10 பேரில் 9 பேருக்கு இரத்தம் பட்டே வெளிப்படுகிறது. மறுபக்கமாகப் பார்த்தால், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்ட பெண்களில் சுமார் 100 க்கு 9 பேருக்குத்தான் புற்று. மற்ற 91 பேருக்கும் காரணம் வேறு: படலம் மெலிந்து வறண்டது, சிறு சதை வளர்ந்தது, இப்படி. ஆகவே இரத்தம் கண்டால் கலங்க வேண்டியதில்லை. ஆனால் காட்ட வேண்டும்.

மாமி ஏன் காட்டவில்லை? வெட்கம் பாதி. மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள எனக்கு நாளெடுத்தது. அவ உண்மையில் கேட்டிருக்கிறா. எங்கள் தெருவில் பெண்களுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்கிற ஆலிமாவிடம் போய், "இரத்தம் படுது, தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறா. அவவும் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தைப் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறா. ஹைழின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். கூடியது பதினைந்து நாள். இரண்டு ஹைழுக்கு இடையில் சுத்தம் குறைந்தது பதினைந்து நாள். அதை மீறியது இஸ்திஹாழா, நோயின் உதிரம். ஹைழுக்கு இத்தனை வயதோடு முடிந்தது என்ற திட்டமான மேலெல்லையும் மத்ஹபில் இல்லை. ஆகவே மாமியின் கணக்குக்கு அது ஹைழ். திரும்பி வந்திருக்கிறது. தொழுகையை விட்டா, நாள் எண்ணினா, குளித்தா. கேள்வி தீர்ந்தது.

இபாதத்துக்குத் தீர்ந்தது, உடம்புக்குத் தீரவில்லை. அந்தச் சட்டம் பெண் எந்த நாளில் தொழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வந்தது. உதிரம் ஏன் வருகிறது என்பதைத் தீர்மானிக்க வந்ததல்ல. ஆனால் இஸ்திஹாழா என்று ஒரு தனிப் பிரிவை வைத்து, இது வழமையான உதிரமல்ல என்று பெயரிட்டதே அதற்குள்ளிருக்கும் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் நபி (ஸல்) அவர்களிடம் நேரே வந்து, எனக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டார்கள். அது ஹைழ் அல்ல, ஒரு நாளத்திலிருந்து வருவது என்ற கருத்தில் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷுக்கு ஏழு வருடம் இந்த உதிரம் இருந்ததாக வருகிறது. அவர்களுக்கு என்ன நோய் என்று இன்றைக்கு ஊகித்துச் சொல்லும் உரிமை நமக்கில்லை. நான் கவனிப்பது, கேட்டார்கள் என்பதை. மார்க்கத்தை அறிவதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்ததும் இந்த விதமான கேள்விகளை ஒட்டித்தான். எங்கள் வீட்டிலோ பேரப்பிள்ளை எடுத்த மாமி, எட்டு மாதம் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் துணி அலசியிருக்கிறா.

ஆலிமாக்களிடம் ஒரு கோரிக்கை. பெண்கள் முதலில் வருவது உங்களிடம்தான். தொழலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, "நின்ற பிறகா வந்தது? எத்தனை நாளாக? டொக்டரிடம் காட்டினீங்களா?" என்று மூன்று வார்த்தை கூடக் கேளுங்கள். பெண் வைத்தியர் கிடைக்காத இடத்தில் ஆண் வைத்தியரிடம் காட்டத் தேவையின் பேரில் அனுமதி உண்டு என்பதை உங்கள் வாயால் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். நான் சொன்னால், "நீ படிச்சவ, உனக்கு எல்லாம் லேசு" என்பார்கள். இன்னொன்று, நோன்புக்கும் உம்றாவுக்குமாக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைப் பாமஸியில் கேட்டு வாங்குவது எங்கள் ஊர்களில் சர்வசாதாரணம். ஒழுங்கற்று இரத்தம் படுகிற பெண் அதை விழுங்கினால் அடையாளமும் மறைந்துவிடும். டொக்டரைக் கேளாமல் வேண்டாம்.

சுகவனிதையர் கிளினிக்கைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 1996 முதல் நாடு முழுவதும் நடக்கிற நல்ல சேவை அது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுப் பப் பரிசோதனை செய்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காசில்லாமல் செய்கிறார்கள். மிட்வைஃப் மிஸ்ஸைக் கேட்டால் நாள் சொல்லுவா. எங்கள் பாடசாலையில் 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசியும் அதே நோய்க்குத்தான். ஆனால் அந்த நோய் கருப்பைக் கழுத்துப் புற்று. பப் பரிசோதனை பார்ப்பது கழுத்தைத்தான், உட்படலத்தை அல்ல. மாமி 45 வயதில் ஒருமுறை அதைச் செய்து, நல்லம் என்று வந்ததைப் பத்திரமாக வைத்திருந்தா. "எனக்குத்தான் பாத்தாச்சே" என்றா. கழுத்து நல்லமென்றால் உள்ளறை நல்லமென்று அர்த்தமில்லை. உள்ளறையைப் பார்க்க ஸ்கேன் ஒன்று, துணுக்கு ஒன்று. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஸ்கேனில் உட்படலம் 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால் புற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. கூடினால் மெல்லிய குழாயால் துணுக்கு எடுப்பார்கள். சில நிமிட வேலை. வலி இருக்கும், மாதவிடாய் வலி போல.

மாமிக்கு 14 மில்லிமீற்றர் இருந்தது. டொக்டர், "எவ்வளவு நாளாக, எத்தனை தரம்?" என்று கேட்டார். மாமி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த சுவர்க் கலண்டரை எடுத்தா. எட்டு மாதத்துக்கும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தா. கழாச் செய்ய வேண்டிய நோன்புக் கணக்குக்காக வைத்த புள்ளிகள். டொக்டர் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார். "இப்படி ஒருத்தரும் கொண்டு வாறதில்ல உம்மா" என்றார். திகதி, எத்தனை நாள், சொட்டா கொட்டா என்பதுதான் அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற முதல் தகவல். எங்கள் பெண்கள் வயதுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கை மனத்திலோ சுவரிலோ வைத்துத்தான் இருக்கிறார்கள்.

துணுக்கின் முடிவு வரக் கொஞ்ச நாள் எடுத்தது. கலங்கள் மாறியிருந்த வகை. கருப்பையை எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்தபோது, மேலே நான் சொன்ன 43 பேரில் ஒருவராக மாமி இருந்தா: உட்படலத்தோடு நின்ற சிறு புற்று, தசைக்குள் இறங்கியிருக்கவில்லை. கதிர்ச் சிகிச்சை தேவைப்படவில்லை. இன்னும் எட்டு மாதம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

சாச்சிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் இரத்தப்போக்குக்கு மருந்தும் கொடுத்தார்கள். கட்டி இரண்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. வருடத்துக்கொரு ஸ்கேன். தோட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மாமியின் சுவரில் இந்த வருடக் கலண்டரிலும் பென்சில் புள்ளிகள் இருக்கின்றன. அவை கிளினிக் நாட்கள். அடுத்தது பெருநாள் கழிந்த இரண்டாவது செவ்வாய். சாச்சி துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறா.